கருங்கல்லின் பூர்வீகம்: வன்னிப் பாறைகளின் இரசாயனத்தைப் படிக்கத் தொடங்குவோருக்கு

வவுனியாவுக்கு வெளியே ஒரு கல் குவாரியின் ஓரத்தில் உயர்தர வகுப்பு மாணவர்களுடன் நின்றபோது ஒரு பிள்ளை கேட்டாள்: “சேர், வன்னியில் எரிமலை இருந்ததா?”

இன்று இலங்கையில் எங்குமே எரிமலை இல்லை. ஆனால் அவள் கைவைத்திருந்த சாம்பல் நிற நைஸ் பாறைக்குள் (ஆழத்தில் வெந்து வரிவரியாக உருமாறிய பாறை அது) ஒரு சாண் அகலத்தில் கரும்பட்டி ஒன்று ஓடியது. இப்படியான பட்டிகள் பல ஒரு காலத்தில் உருகிய பசால்ட்டுக் குழம்பாக இருந்தவை. அந்தக் குழம்பு நடுக்கடலில் உருகியதா, தீவு வில் ஒன்றின் (வில்லாக வளைந்த எரிமலைத் தீவு வரிசையின்) அடியில் உருகியதா, ஹவாய் போன்ற வெப்பப் புள்ளி ஒன்றில் உருகியதா என்பதைக் கல்லின் இரசாயனம் பெருமளவு காட்டிக்கொடுக்கும். ஊர் விட்டு ஊர் வந்தவரிடம் “உங்கள் பூர்வீகம் எது?” என்று கேட்கிறோம் அல்லவா, அந்தக் கேள்வியைத்தான் கல்லிடமும் கேட்கிறோம். அதைக் கேட்கும் முறையை, முதன்முதலாகக் கல்லை எடுப்பவருக்காக எழுதுகிறேன். பள்ளிக்கூட இரசாயனவியல் தெரிந்தால் போதும்.

எடுத்த எடுப்பிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்தத் துறையில் புதியவர்கள் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை வரைபடத்தில் நடப்பதில்லை. கல்லை எடுக்கும் இடத்திலும் பொடியாக்கும் மேசையிலும் நடக்கின்றன. ஆகவே இக்கட்டுரையின் பெரும்பகுதி அங்கேதான் செலவாகும்.

கல் எங்கிருந்தெல்லாம் வந்திருக்கலாம்

புவியோட்டுக்குக் கீழே இடையோடு என்ற தடித்த பாறைப் படை இருக்கிறது. அது பெரும்பாலும் திண்மம். மூன்று விதமான சூழ்நிலைகளில் அதன் ஒரு பகுதி உருகிப் பசால்ட்டாகிறது.

நடுக்கடல் முகடுகளில் இரண்டு புவித்தகடுகள் விலகுகின்றன. இடையோடு மேலெழுகிறது, அமுக்கம் குறைகிறது, உருகுகிறது. அந்த இடையோடு முன்பே பலமுறை பிழிந்தெடுக்கப்பட்டது. தோரியம், நயோபியம் போன்றவை அதில் மிகக் குறைவு. கீழமிழ்தல் வலயத்தில் ஒரு தகடு மற்றதன் கீழே அமிழ்கிறது. அமிழும் தகட்டிலிருந்து வெளியேறும் நீர், மேலிருக்கும் இடையோட்டின் உருகுநிலையைக் குறைக்கிறது. அந்த நீர் வெறுங்கையோடு போவதில்லை. பேரியம், ஸ்ரொன்சியம், பொட்டாசியம் ஆகியவற்றைச் சுமந்து செல்கிறது. அமிழ்ந்த சேற்றுப் படிவுகள் உருகும்போது தோரியமும் சேர்கிறது. நயோபியத்தையும் தந்தாலத்தையும் அமிழும் தகட்டிலுள்ள உரூத்தைல் போன்ற தைத்தேனியக் கனியங்கள் பிடித்துவைத்துக்கொள்கின்றன. எனவே எரிமலை வில்லில் பிறந்த பசால்ட்டில் தோரியம் கூடியும் நயோபியம் குறைந்தும் இருக்கும். இந்த ஒரு வரியை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள், பாதி வேலை முடிந்தது. மூன்றாவது, ஹவாய் போன்ற வெப்பப் புள்ளிகள், அதாவது ஆழத்திலிருந்து சூடான இடையோடு மேலெழும் இடங்கள். அங்கே நயோபியம் தாராளம். நமக்கு அண்மையிலுள்ள தக்காணப் பசால்ட்டு, சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் கண்டத்தின் மேல் கொட்டியது. அது வெப்பப் புள்ளி வகையைச் சேர்ந்தது என்றாலும், வழியில் பழைய புவியோட்டைத் தின்றுகொண்டு வந்ததால் அடையாளம் குழம்பும். அந்தக் குழப்பத்தைப் பிறகு பார்ப்போம்.

வன்னியின் அடிப்பாறையைத் தெரிந்துகொள்ளுங்கள்

இலங்கையின் பழைய பாறைகளைப் புவிச்சரிதவியலாளர்கள் நான்கு தொகுதிகளாகப் பிரிக்கிறார்கள்: உயர்நிலத் தொகுதி, விஜயன் தொகுதி, கடுகண்ணாவைத் தொகுதி, நம்முடைய மண்ணின் பெயரையே தாங்கிய வன்னித் தொகுதி. வன்னித் தொகுதியில் பெரும்பாலும் இருப்பவை கருங்கல் வகை நைஸ், சார்னோக்கைட் (பைரொக்சீன் கனியம் கொண்ட கருங்கல் வகை) நைஸ், பாதி உருகிக் குழைந்த மிக்மடைட், இடையிடையே படிவுப் பாறைகளிலிருந்து உருமாறியவை. வடக்கே யாழ்ப்பாணத்தை நெருங்க நெருங்க இவை மிகப் பின்னாளில் படிந்த மயோசீன் காலச் சுண்ணக்கல்லின் கீழே மறைந்துவிடுகின்றன. எனவே தேடவேண்டிய பகுதி வவுனியாவைச் சுற்றியும் அதற்குத் தெற்கும் மேற்கும்தான்.

இந்தப் பாறைகளின் மூலக் குழம்புகள் பல, ஏறத்தாழ 110 கோடி முதல் 75 கோடி ஆண்டுகளுக்கு முன்னர் இறுகியவை. பின்னர் 61 கோடி முதல் 55 கோடி ஆண்டுகளுக்கு முன்னர், கொண்டுவானாப் பெருங்கண்டம் ஒன்றுசேர்ந்த வேளையில், புவியோட்டின் ஆழத்தில் வெந்து உருமாறின. வன்னித் தொகுதியின் கணிசமான பகுதி எரிமலை வில் ஒன்றின் அடிப்பகுதியாக இருந்தது என்ற கருத்து ஆய்வாளர்களிடையே உண்டு. அந்தக் கருத்தை மனதில் வைத்துக்கொண்டு கல்லைத் தேடாதீர்கள். கல்லைத் தேடிய பின் கருத்தைப் பாருங்கள்.

புவிச்சரிதவியல் அளவை மற்றும் சுரங்கப் பணியகம் வெளியிட்ட 1:100,000 அளவுத்திட்டப் படங்கள் முதல் துணை. குவாரிக்குப் போகுமுன் அந்தச் சதுரத்தில் எந்தப் பாறை குறிக்கப்பட்டிருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

களம்: முதலில் பாதுகாப்பு

வன்னியில் கல் பொறுக்கப் போவதற்கும் வேறு ஊரில் போவதற்கும் வித்தியாசம் உண்டு. கண்ணிவெடி அகற்றப்பட்ட இடங்களில் மட்டும் நடக்கவேண்டும். சிவப்பு எச்சரிக்கைப் பலகை கண்ணில் படாததால் மட்டும் ஓர் இடம் பாதுகாப்பானது ஆகிவிடாது. கிராம அலுவலரையும் அவ்வூர் விவசாயிகளையும் கேட்டு, மாடுகள் தினமும் மேயும் தடத்திலும் வண்டிப்பாதையிலும் நில்லுங்கள். காட்டுக்குள் போவதற்கு வனத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். மாலை நான்கு மணிக்குப் பின் யானை வரும் பாதைகளில் நிற்கவேண்டாம். வெற்றுப் பாறைகளில் பழைய பிராமிக் கல்வெட்டுகளும் குகைகளின் நீர்வடி விளிம்புகளும் இருக்கும். அங்கே சுத்தியல் எடுக்கவே கூடாது. கல்லின் நூறு கோடி ஆண்டுக் கதையைப் படிக்கப் போய், மனிதரின் இரண்டாயிரம் ஆண்டுக் கதையை உடைத்துவிட்டு வந்தால் மன்னிப்பே இல்லை.

நல்ல பாறை எங்கே கிடைக்கும்? என் அனுபவத்தில் இரண்டு இடங்கள். ஒன்று, இயங்கும் குவாரி: வெடிவைக்கும் நேரத்தைக் கேட்டு, முகாமையாளரின் அனுமதி பெற்று, தலைக்கவசத்துடன் போகலாம். இரண்டாவது, குளத்து வான். மாரி மழையில் குளம் நிரம்பி வான் பாயும் இடத்தில் மண் முழுவதும் அரித்துப் போய், கோடையில் கழுவித் துடைத்த பாறை கிடக்கும். ஆவணி, புரட்டாதியில் போனால் பட்டிகள், மடிப்புகள், வெட்டிச் செல்லும் கீற்றுகள் எல்லாம் திறந்த புத்தகம். பாறைகளின் உறவைக் குவாரியை விடக் குளத்து வானில்தான் நன்றாகப் பார்க்கலாம். மாதிரியைக் குவாரியில் எடுக்கலாம். குளக்கட்டின் அலைகரையில் அடுக்கியிருக்கும் கற்கள் எத்தனை அழகாக இருந்தாலும் எடுக்கவேண்டாம். அவை எங்கிருந்து டிப்பரில் வந்தவை என்று யாருக்கும் தெரியாது.

எதை எடுப்பது, எதை விடுவது

கரும்பட்டியின் முன் குந்திக்கொள்ளுங்கள். வெளிப்புறம் பனங்கட்டி நிறத்தில் உக்கியிருக்கும். அதை உடைத்தால் அரை விரற்கடை உள்ளே கறுப்பும் வெள்ளையுமாகப் பொடித்தூவல் தெரியும்: கறுப்பு, ஹோர்ன்பிளெண்டும் பைரொக்சீனும், வெள்ளை, பெல்ட்ஸ்பார். சில இடங்களில் குன்றிமணியைப் போல் சிவந்த கார்னெட் கற்கள் பதிந்திருக்கும். இந்த உள்பகுதிதான் வேண்டும். உக்கிய தோலிலிருந்து சோடியம், கல்சியம், பொட்டாசியம் எல்லாம் மழையோடு போய்விட்டன. அதைப் பகுப்பாய்வு செய்வது உமியைப் புடைத்து அரிசி தேடுவது.

பட்டிக்குள் வெள்ளை நாக்குகள் போல் குழைந்த பகுதிகள் தெரிந்தால் அதைத் தவிருங்கள். அங்கே கல் பாதி உருகி, உருகியது எங்கோ போய்விட்டது. மிஞ்சியிருப்பது மூலக் குழம்பு அல்ல, அதன் சக்கை. அதேபோல் ஒரே கனியம் திரண்டு, மணி மணியாகக் கூடிக்கிடக்கும் பகுதியையும் விடுங்கள். குழம்பின் அடியில் படிந்த பளிங்குகளின் குவியலாக அது இருக்கலாம். குழம்பின் இயைபை அது சொல்லாது.

நுண்மணிப் பாறைக்கு ஒரு கிலோ, பெருமணிப் பாறைக்கு மூன்று முதல் ஐந்து கிலோ எடுங்கள். ஒரே பட்டியில் ஒரு மாதிரி போதாது. பத்துப் பன்னிரண்டு மாதிரிகள், வெவ்வேறு இடங்களில் எடுத்தால்தான் ஒரு போக்கு தெரியும். ஒவ்வொன்றுக்கும் இலக்கம், இட ஆயத்தொலைவு, படம், பட்டியின் தடிப்பு, சுற்றுப் பாறை ஆகியவற்றைக் குறிப்பேட்டில் அங்கேயே எழுதுங்கள். இலக்கத்தைப் பையில் மட்டுமல்ல, கல்லிலும் எழுதுங்கள். ஒருமுறை மழையில் நனைந்த பைகளின் எழுத்தெல்லாம் அழிந்து, பதினான்கு கற்களுடன் விடிய விடிய உட்கார்ந்திருந்தேன். அவற்றில் ஒன்பதை எறிய வேண்டியதாயிற்று.

ஆய்வுகூடம்

முதலில் ஒரு மெல்லிய வெட்டு செய்து நுண்ணோக்கியில் பாருங்கள். இதைத் தவிர்த்துவிட்டு நேரே பொடியாக்க ஓடுபவர்கள் அதிகம். குளோரைட்டு, கல்சைட்டு நரம்புகள் நிறைய இருந்தால், பின்னாளில் நீர் புகுந்து கல்லை மாற்றியிருக்கிறது; அந்த மாதிரியை ஒதுக்கிவையுங்கள்.

பொடியாக்கும் அரைவைக் கலம் எதனால் ஆனது என்று கேளுங்கள். தங்குதன் காபைட்டுக் கலம், பொடியில் தங்குதனையும் கோபால்ட்டையும் தந்தாலத்தையும் கலந்துவிடும்; உருக்குக் கலம் குரோமியத்தையும் இரும்பையும் கலக்கும். அகேற்றுக் கலம் நல்லது. ஒருமுறை கேட்காமல் விட்டேன். தந்தாலத்தின் எண்கள் நயோபியத்துக்குப் பொருந்தாமல் எகிறி நின்றன. எந்தக் கலத்தில் அரைத்தார்கள் என்று தேடிக் கண்டுபிடிக்க மூன்று மாதங்கள் ஆயின.

முதன்மை மூலகங்களை எக்ஸ்-கதிர் ஒளிர்வு முறையிலும், மிகச் சிறிய அளவிலுள்ளவற்றைத் திணிவு நிறமாலைமானியிலும் அளப்பார்கள். இரண்டாவதற்குக் கல்லைக் கரைக்கவேண்டும். அமிலத்தில் மட்டும் கரைத்தால் சேர்க்கன் கனியம் கரையாமல் அடியில் தங்கிவிடும். சேர்க்கோனியத்தின் எண் உண்மையை விடக் குறைவாக வரும். இலிதியம் போரேற்றுடன் உருக்கிக் கரைக்கும் முறையைக் கேளுங்கள். உங்கள் மாதிரிகளுடன் தெரிந்த இயைபுள்ள தரப்பொடி ஒன்றையும், உதாரணமாக ஹவாய்ப் பசால்ட்டான பி.எச்.வி.ஓ-2 ஐ, ஒரே தொகுதியில் அளக்கச் சொல்லுங்கள். பி.எச்.வி.ஓ-2 இல் நயோபியம் ஏறத்தாழ 18 பிபிஎம், அதாவது பத்து இலட்சத்தில் 18 பங்கு, வரவேண்டும். வரவில்லை என்றால் மற்ற எண்களையும் நம்பவேண்டாம்.

எண்கள் கைக்கு வந்ததும் சில எளிய சோதனைகள். ஒட்சைட்டுகளின் கூட்டுத்தொகை 98.5 முதல் 101 சதவீதத்துக்குள் இருக்கிறதா? சூடாக்கும்போது இழந்த எடை 3 சதவீதத்தைத் தாண்டினால் ஏன் என்று பாருங்கள். சிலிக்கா 45 முதல் 52 சதவீதம் வரை இருந்தால்தான் பசால்ட்டு என்று தொடரலாம்.

புல்மோட்டைக் கரையில் ஒரு பாடம்

பசால்ட்டின் பெயரை வழக்கமாகச் சிலிக்காவையும் சோடியம், பொட்டாசியத்தையும் கொண்டு வைப்பார்கள். புதிதாக ஓடிய எரிமலைக் குழம்புக்கு அது சரி. நூறு கோடி ஆண்டுகள் வெந்து, நனைந்து, வளைந்த கல்லுக்குச் சரிவராது. ஏன் என்று புல்மோட்டைக் கடற்கரையில் நின்றால் புரியும். அங்கே கையில் அள்ளும் கரிய மணல் இல்மனைட்டும் உரூத்தைலும் சேர்க்கனும். உள்நாட்டுப் பாறைகள் உக்கி, ஆறுகள் அடித்துவந்து, கடல் சலித்து வைத்த மிச்சம். சோடியமும் பொட்டாசியமும் கரைந்து கடலுக்குப் போய்விட்டன. தைத்தேனியத்தையும் சேர்க்கோனியத்தையும் சுமந்த மணிகள் கரையிலேயே கிடக்கின்றன. பாறைக்குள்ளும் ஏறத்தாழ இதே கதைதான். நீர் பட்டால் சோடியம், பொட்டாசியம், ருபீடியம், பேரியம் இடம்பெயர்ந்துவிடும். தைத்தேனியம், சேர்க்கோனியம், நயோபியம், இற்றியம், இலந்தனம், இற்றர்பியம் போன்ற அருமண் மூலகங்கள் பெரும்பாலும் வேரூன்றி நிற்கும். பழைய கல்லிடம் பூர்வீகம் கேட்கும்போது ஊரைவிட்டுப் போகாதவர்களிடம்தான் கேட்கவேண்டும்.

1973 இல் பியர்ஸ், கான் என்ற இருவர் இந்த எண்ணத்திலேதான் தைத்தேனியம், சேர்க்கோனியம், இற்றியம் மூன்றையும் முக்கோணப் படத்தில் போட்டுக் காட்டினார்கள். 1977 இல் வின்செஸ்டரும் ஃபுளொயிடும் பாறைக்குப் பெயர் வைக்கவே அசையாத மூலகங்களைப் பயன்படுத்தினார்கள். 1982 இல் ஷெர்வைஸ் தைத்தேனியத்தை வனேடியத்துடன் ஒப்பிட்டார். 2008 இல் பியர்ஸ், தோரியத்தையும் நயோபியத்தையும் இற்றர்பியத்தால் வகுத்து ஒரே படத்தில் வைத்தார். தொடங்குபவருக்கு இந்த நான்கும் போதும்.

ஒரு கணக்கு, கைவிரலால்

பயிற்சிக்காக நான் அமைத்த எண்கள் இவை. எந்தக் குவாரியின் அளவீடும் அல்ல. தைத்தேனியம் ஒட்சைட்டு 0.9 சதவீதம், வனேடியம் 320 பிபிஎம், சேர்க்கோனியம் 60, இற்றியம் 22, நயோபியம் 2, இலந்தனம் 6, தோரியம் 1.2, இற்றர்பியம் 2.2.

முதலில் ஒட்சைட்டைத் தைத்தேனியமாக மாற்றவேண்டும். சதவீதத்தை 5995 ஆல் பெருக்கினால் பிபிஎம் கிடைக்கும்: 0.9 × 5995 = ஏறத்தாழ 5400. வனேடியத்தால் வகுத்தால் 17. ஷெர்வைஸின் கணக்கில் 10 முதல் 20 வரை எரிமலை வில். 20 முதல் 50 வரை நடுக்கடல் முகடு. அதற்கு மேல் கடல் தீவு, அதாவது வெப்பப் புள்ளி. நம் கல் வில் பக்கம் சாய்கிறது.

இப்போது முக்கோணம். தைத்தேனியத்தை 100 ஆல் வகுத்தால் 54, சேர்க்கோனியம் 60, இற்றியத்தை மூன்றால் பெருக்கினால் 66. நூற்றுக்கு ஏறத்தாழ 30 : 33 : 37. வழமையான நடுக்கடல் முகட்டுப் பசால்ட்டின் எண்கள், சன், மக்டொனோ இருவரும் 1989 இல் தொகுத்தபடி, தைத்தேனியம் 7600, சேர்க்கோனியம் 74, இற்றியம் 28. அதை அதே முறையில் போட்டால் 32 : 32 : 36. இரண்டும் ஏறத்தாழ ஒரே புள்ளி! இந்த முக்கோணத்தின் நடுப்பகுதியில் முகடும் வில்லும் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன. முக்கோணத்தை மட்டும் வரைந்து “நடுக்கடல்” என்று எழுதியிருந்தால் தவறியிருப்போம்.

கடைசியாகத் தோரியம். நயோபியத்தை இற்றர்பியத்தால் வகுக்க 0.91, தோரியத்தை இற்றர்பியத்தால் வகுக்க 0.55. முகட்டுப் பசால்ட்டில் நயோபியம் 2.33, தோரியம் 0.12, இற்றர்பியம் 3.05, அதாவது 0.76, 0.04. நயோபியப் பங்கில் இரண்டும் அண்டை வீடு. தோரியப் பங்கிலோ நம் கல் பத்து மடங்குக்கு மேல் உயர்ந்து நிற்கிறது. நயோபியத்தை இலந்தனத்தால் வகுத்தாலும் நம் கல்லில் 0.33, முகட்டில் 0.93. தோரியம் கூட, நயோபியம் குறைய: மேலே மனப்பாடம் செய்யச் சொன்ன வரி இதுதான்.

வன்னியில் கவனிக்கவேண்டிய மூன்று பொறிகள்

முதலாவது பொறி தோரியம். அதை அசையாதது என்று பலர் எழுதுகிறார்கள். தாழ்ந்த வெப்பத்தில் அது சரி. வன்னிப் பாறைகளின் சில பகுதிகள் கிரனுலைட் நிலை, அதாவது உருமாற்றத்தின் மிக உயர்ந்த வெப்ப நிலை வரை வெந்தவை. அந்த வெப்பத்தில் ருபீடியமும் யுரேனியமும் வெளியேறுவது வழக்கம், தோரியமும் சிலவேளை போய்விடும். ஆகவே குறைந்த தோரியத்தைக் கண்டு “வில் அல்ல” என்று சொல்லத் துணியாதீர்கள். இலந்தனத்தையும் நயோபியத்தையும் வைத்து மறுபடியும் பாருங்கள். தோரியத்தின் எண்கள் மாதிரிக்கு மாதிரி சேர்க்கோனியத்தோடு ஒழுங்காக ஏறி இறங்கினால் அது அசையவில்லை என்று நம்பலாம். சிதறிக் கிடந்தால் நம்பவேண்டாம். பத்துப் பன்னிரண்டு மாதிரிகள் கேட்டதன் காரணம் இதுதான்.

இரண்டாவது, தக்காணத்தைப் பற்றிச் சொன்னேனே, அந்தக் குழப்பம். கண்டப் புவியோட்டிலும் தோரியம் கூட, நயோபியம் குறைவு. பழைய புவியோட்டைத் துளைத்து வரும் பசால்ட்டு, அதில் சிறிது உருக்கிக் கலந்துகொண்டால் எரிமலை வில்லின் முகமூடி அணிந்துவிடும். கண்டுபிடிக்க ஒரு வழி: சிலிக்கா கூடக் கூடத் தோரியம்–நயோபிய விகிதம் ஏறுகிறதா என்று பாருங்கள். ஏறினால் கலப்படத்தைச் சந்தேகியுங்கள். சிலிக்கா குறைந்த மாதிரிகளிலும் அதே அளவு நயோபியப் பள்ளம் (தோரியம், இலந்தனத்தோடு ஒப்பிட நயோபியம் தாழ்ந்திருப்பது) இருந்தால் அது மூலத்திலேயே இருந்தது.

மூன்றாவது பொறி வயது. கரும்பட்டி சுற்றுப் பாறையை விட 50 கோடி ஆண்டு இளையதாக இருக்கலாம். பட்டி நைஸின் வரிகளை வெட்டிச் செல்கிறதா, அவற்றோடு சேர்ந்து மடிந்திருக்கிறதா என்று குளத்து வானில் பார்த்து எழுதிய குறிப்பு இங்கேதான் கைகொடுக்கும். சேர்க்கன் மணிகளில் யுரேனியம்–ஈய முறையில் வயது பார்க்கலாம். பசால்ட்டில் சேர்க்கன் அரிது. கிடைத்தாலும் மணியின் உள்மையம் குழம்பு இறுகிய வயதையும் வெளித்தோல் உருமாறிய வயதையும் தரக்கூடும். தோலின் வயதைப் பாறையின் பிறந்தநாளாக எழுதிவிடாதீர்கள்.

முடிவை எழுதும் விதம்

இரசாயனம் நேரடியாகச் சொல்வது குழம்பு எதிலிருந்து உருகியது என்பதை. எங்கே உருகியது என்பது அதிலிருந்து நாம் செய்யும் ஊகம். தண்ணீர் பட்ட இடையோடு, பழைய வில் ஒன்று ஓய்ந்து பல கோடி ஆண்டுகள் கழித்தும் அதே அடையாளத்துடன் உருகலாம். எனவே பயிற்சிக் கல்லைப் பற்றி நான் இப்படித்தான் எழுதுவேன்: “இம்மாதிரியின் நயோபியப் பள்ளமும் உயர்ந்த தோரியமும் குறைந்த தைத்தேனியம்–வனேடிய விகிதமும் கீழமிழ்தலால் மாற்றப்பட்ட இடையோட்டு மூலத்துடன் பொருந்துகின்றன. புவியோட்டுக் கலப்படம் ஒரு மாதிரியைக் கொண்டு நிராகரிக்கப்படவில்லை. வயது அளக்கப்படவில்லை.” மூன்று வாக்கியங்கள். கூடவே எல்லா எண்களையும், தரப்பொடியின் எண்களையும், மாதிரி எடுத்த இடத்தின் ஆயத்தொலைவையும் அட்டவணையாகக் கொடுங்கள்.

ஒவ்வொரு கல்லிலும் பாதியைப் பொடியாக்காமல் வைத்திருங்கள். குவாரி நாளுக்கு நாள் உட்போகிறது. நீங்கள் கைவைத்த பட்டி அடுத்த ஆண்டு ஏதோ ஒரு வீதியின் சல்லியாகக் கிடக்கும்.